வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ஐசி? ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து கணக்குப் போடுவோம்

கேள்வி: ஷெல்ஃப் ஸ்பீக்கர்

8 ஓம், 6 இன்ச் வூஃபர் உள்ள ஸ்பீக்கர் ஒரு ஜோடி. சின்ன ஹால். சேனலுக்கு 20 வாட் கிடைத்தால் போதும். எல்எம்1875, டிடிஏ2050, டிபிஏ3116 இந்த மூணில் எது போடலாம்? கையில் 18-0-18 (நடுக் கம்பிக்கு ரெண்டு பக்கமும் 18 வோல்ட்), 3 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு. போட்டு ஓட்டினவங்க பார்த்ததைச் சொல்லுங்க.

பதில்: சாலிடர் புகை

ஐசியை விடுங்க, முதலில் அந்த 18-0-18-ஐப் பாருங்க. ஏசியை டிசி ஆக்கினா வர்ற வோல்டேஜுக்கு, 18-ஐ 1.414-ஆல் பெருக்கினா 25.4. டையோடுக்கு ஒரு வோல்ட் கழிச்சா ±24.5. எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. ஆனா 18 வோல்ட்ங்கிறது முழு லோடில், 230 வோல்ட் மெயின்ஸில் வர்ற அளவு. சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் லோடே இல்லாம 10 சதவீதம் ஏறி நிற்கும். ராத்திரி 11 மணிக்கு லைன் 250-க்குப் போற ஊர்கள் நிறைய. ரெண்டையும் சேர்த்தா அதே ட்ரான்ஸ்ஃபார்மர் ±29.5 வரை தரும்.

டிடிஏ2050-இன் உச்ச வரம்பு ±25. பாட்டே ஓடாம, சும்மா சுவிட்ச் போட்டதுக்கே போயிடும். எல்எம்1875-க்கு மொத்தம் 60 வோல்ட், அதாவது ±30. விளிம்பில் நிற்கும், நான் போடமாட்டேன். இந்த ரெண்டு ஐசிக்கும் 15-0-15 தான் சரி. லோடில் ±20, லைன் ஏறினாலும் ±25-ஐத் தாண்டாது. 8 ஓமில் 15 வாட் பக்கம் கிடைக்கும். 20-க்கும் 15-க்கும் காதில் வித்தியாசம் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

டிடிஏ2030-க்கும் இதே கதை. 12-0-12 ராத்திரியில் ±19.3 தொடும். வெறும் 2030-க்கு வரம்பு ±18, கடைசியில் ‘ஏ’ எழுத்து போட்டதுக்கு ±22. அந்த ஒரு எழுத்தைப் பார்த்து வாங்குங்க.

பதில்: மைக்கா ஷீட்

ட்ரான்ஸ்ஃபார்மரை மாத்த மனசில்லன்னா ஐசியை மாத்துங்க. 18-0-18-க்குப் பொருத்தம் எல்எம்3886. சிக்னலோடு மொத்தம் 84 வோல்ட் தாங்கும், உங்க ±29.5, மொத்தம் 59 வோல்ட், அதுக்குப் பொருட்டே இல்லை. 8 ஓமில் 25 வாட் சுத்தமா வரும். நாளைக்கு 4 ஓம் ஸ்பீக்கர் வாங்கினாலும் தாங்கும்.

இதில் அடிக்கடி வர்ற புகார் ‘எல்லாம் சரி, சத்தமே வரல’. 8-வது கால் மியூட். அதைத் தொங்கவிட்டா ஐசி வாயைத் திறக்காது. அந்தக் காலிலிருந்து மைனஸ் சப்ளைக்கு அரை மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடணும். உங்க வோல்டேஜுக்கு 22 கே ரெசிஸ்டர் போட்டா ஒரு மில்லி ஆம்பியர் ஓடும், பிரச்சினை தீர்ந்தது.

ஹீட் சிங்க் கணக்கு: மொத்த வோல்டேஜை வர்க்கம் பண்ணி, 20-ஆலும் ஸ்பீக்கர் ஓமாலும் வகுங்க. மோசமான நிலையில் ஒரு ஐசி கக்குற சூடு வாட்டில் கிடைக்கும். ±24.5, 8 ஓம்: 15 வாட். ±28, 4 ஓம்: 40 வாட். ±35-இல் 4 ஓம் கட்டினா 60-ஐத் தாண்டுது. எவ்வளவு பெரிய அலுமினியம் வச்சாலும் ஐசிக்குள்ளிருந்து அந்தச் சூடு வெளியே வராது. உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் வெட்டி வெட்டி விடும், பேஸ் அடிக்கும்போது ‘படபட’ன்னு கேட்கும். ஸ்பீக்கர் கிழிஞ்சதுன்னு நினைச்சு கோன் மாத்தினவங்க உண்டு. அதனால 24-0-24 வச்சிருந்தா 8 ஓம் மட்டும். டிடிஏ7294-ங்கிற ஐசிக்கும் அப்படித்தான்.

இன்னொன்னு. எல்எம்1875, 2030, 2050, 7294, உலோக முதுகு உள்ள 3886 எல்லாத்திலும் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. சிங்கிள் சப்ளையில் மைனஸும் கிரவுண்டும் ஒண்ணு என்பதால மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) இல்லாமலே ஓடும். அதே பழக்கத்தில் டபுள் சப்ளைக்கு வந்து, சேசிஸில் நேரா போல்ட் அடிச்சா ஃபியூஸ் பறக்கும். மைக்கா, போல்ட்டுக்கு பிளாஸ்டிக் புஷ், ரெண்டும் வேணும். முடுக்கின பிறகு தகட்டுக்கும் சேசிஸுக்கும் மீட்டரில் பீப் வருதான்னு பாருங்க, வரக்கூடாது. 3886-இல் பிளாஸ்டிக் முதுகு ‘டிஎஃப்’ வகை கிடைச்சா மைக்கா வேண்டாம், பேஸ்ட் போதும். சூடு கடத்துறது கொஞ்சம் குறைவு, 8 ஓமுக்கு அது கவலையில்லை.

பதில்: 19 வோல்ட்

ட்ரான்ஸ்ஃபார்மரே வேண்டாம்னா டிபிஏ3116. பழைய லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் போதும். 8 ஓமில் 20 வாட் வரும், ஹீட் சிங்க் விரல் அளவு. ஆனா போர்டு விற்கிறவங்க ‘100 வாட்’னு அச்சடிக்கிறதை நம்பாதீங்க. 21 வோல்டில், 4 ஓமில், சேனலுக்கு 50. 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் கட்டினா 9 வாட்தான் கணக்கு. 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (அடாப்டர் மாதிரி சுவிட்சிங் பவர் சப்ளை) வாங்கினா அதிலுள்ள சின்ன ட்ரிம் ஸ்க்ரூவைத் திருகாதீங்க, வரம்பு 26.

இதில் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்ட் இல்லை. ரெண்டு மைனஸையும் ஒண்ணா முறுக்கினாலோ, சேசிஸில் தொட்டாலோ ஐசி அணைஞ்சிடும். மலிவு போர்டா இருந்தா போயே போயிடும்.

உஸ்ஸுன்னு இரைச்சல் வந்தா கெய்னை, அதாவது எத்தனை மடங்கு பெருக்குதுங்கிறதைப் பாருங்க. பல போர்டில் 36 டெசிபல் வச்சிருப்பான். அந்த நிலையில் இன்புட் இம்பீடன்ஸ் வெறும் 9 கே. அதுக்கு முன்னாடி 50 கே வால்யூம் போட்டா பாதித் திருப்பு வரை சத்தம் ஏறாது, அப்புறம் குபீர்னு ஏறும். கெய்ன் ரெசிஸ்டர் ரெண்டையும் மாத்தி 26 டெசிபலுக்கு இறக்குங்க: கிரவுண்டுக்கு 20 கே, ஜிவிடிடி (ஐசியே உள்ளே உண்டாக்குற சப்ளை கால்) பக்கம் 100 கே. இன்புட் 30 கே ஆகும், இரைச்சலும் அடங்கும். வால்யூம் 10 கே போடுங்க.

பக்கத்தில் ஏஎம் ரேடியோ வச்சுக் கேட்கிறவங்களுக்கு இது ஆகாது, ஐசி வேகமா சுவிட்ச் ஆகிற இரைச்சல் அதில் கலக்கும்.

பதில்: ரிச்சி தெரு

எல்ஏ4440 பத்தி யாரும் பேசலையே. நம்ம ஊர்ப் பாட்டுப்பெட்டி பாதி அதில்தான் ஓடுச்சு. சான்யோ ஐசி, ஸ்டீரியோவில் 6 வாட் ரெண்டு, ரெண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்க்கிற பிரிட்ஜில் 19, எல்லாம் 13.2 வோல்டில். 12-0-12 போட்டா 18-ஐத் தாண்டும், அதான் நிறைய பேருக்கு எரியுது. 9-0-9 போடுங்க. 12 வோல்ட் பேட்டரிக்கு இன்னைக்கும் நல்ல ஐசி. அதே பேட்டரியில் 2030-ஐ மாட்டி ‘சத்தம் பத்தல’ங்கிறவங்க கவனிக்க: சிங்கிள் 12 வோல்டில் அது 4 ஓமுக்கு 2 வாட்தான் தரும்.

டூப்ளிகேட் விஷயம். 2030, 2050, 4440 மூணையும் அசல் கம்பெனிகள் நிறுத்தியாச்சு. கடையில் புதுசா பளபளன்னு இருக்கிறது பழைய ஸ்டாக் இல்லைன்னா காப்பி. 2030-ஐ உரசி 2050-ன்னு அச்சடிச்சதும் வரும். பாதி வோல்டேஜில் நல்லா பாடும், முழு சப்ளை கொடுத்ததும் டப்புனு வெடிக்கும். எல்எம்1875-க்கும் காப்பி உண்டு. ஒரு ஐசிக்கு 40 ரூபாய் மிச்சம் பிடிச்சு 2000 ரூபாய் வூஃபரைக் காவு கொடுக்கவேண்டாம், பில் தர்ற விநியோகஸ்தர் கிட்ட வாங்குங்க.

முதல் தடவை கரண்ட் கொடுக்கிற முறை: ஸ்பீக்கர் கட்டாதீங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் பிரைமரிக்கு (மெயின்ஸ் பக்கம்) சீரியஸாக 60 வாட் குண்டு பல்பு. ஒரு மின்னு மின்னி மங்கினா சரி, பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருந்தா உடனே ஆஃப். அப்புறம் அவுட்புட்டில் டிசி அளங்க, 50 மில்லி வோல்டுக்குள் இருக்கணும். சப்ளை அளவுக்கே வந்தா ஐசி செத்திருக்கு, இல்லைன்னா ஃபீட்பேக் ரெசிஸ்டர் சாலிடர் விட்டிருக்கு.

பதில்: சாலிடர் புகை

பாட்டு இல்லாமலே ஐசி கை வைக்க முடியாத சூடா? ஆசிலேஷன், அதாவது காதுக்குக் கேட்காத அலையில் ஐசி தானே ஊளையிடுது. எல்எம்1875 சும்மா இருக்கும்போதே 70 மில்லி ஆம்பியர் குடிக்கும், ±20-இல் 3 வாட் சூடு இயல்பு. சிங்க் சுடுற அளவுக்குப் போனா 100 நானோ கண்டென்சர் ஐசி காலை ஒட்டி இருக்கான்னு பாருங்க. நாலு இன்ச் தள்ளி ஃபில்டர் பக்கத்தில் இருந்தா அது இருந்தும் இல்லாத மாதிரி. அவுட்புட்டில் 1 ஓம், 0.22 மைக்ரோ ஃபாரட் சீரியஸ் ஜோடி விட்டுப்போச்சான்னும் பாருங்க. கெய்ன் 10-க்குக் கீழே இறக்கினாலும் இதே நோய். 22 கே, 1 கே போட்டு 23-இல் நிறுத்துங்க.

கேள்வி: ஷெல்ஃப் ஸ்பீக்கர்

3886-ன்னு முடிவு பண்ணிட்டேன். ஃபில்டர் எவ்வளவு? ஹம் வராம கிரவுண்ட் எப்படி இழுக்கிறது?

பதில்: மைக்கா ஷீட்

ப்ளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10,000 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் கண்டென்சர். 35 வோல்ட் போட்டாலும் ஓடும், ஆனா 29.5-க்கும் அதுக்கும் இடைவெளி குறைவு. ட்ரான்ஸ்ஃபார்மர் நடுக் கம்பி முதலில் ரெண்டு ஃபில்டரும் சேர்ற இடத்துக்குப் போகணும். அங்கிருந்து ஒரு தடிமனான ஒயர் ஸ்டார் போல்ட்டுக்கு, அதாவது எல்லா கிரவுண்டும் சேர்ற ஒரே இடத்துக்கு. ஸ்பீக்கர் மைனஸ், இன்புட் கிரவுண்ட், ஐசி கிரவுண்ட் மூணும் தனித்தனியா அந்த போல்ட்டுக்கே வரணும். நடுக் கம்பியை நேரா போல்ட்டில் கட்டினா ஃபில்டர் சார்ஜ் ஆகிற துடிப்பு இன்புட்டில் கலந்து ‘ஜ்ஜ்’னு 100 ஹெர்ட்ஸ் கேட்கும். கொழகொழன்னு 50 ஹெர்ட்ஸ் கேட்டா கிரவுண்ட் குத்தமில்லை, ட்ரான்ஸ்ஃபார்மர் இன்புட் ஒயருக்குப் பக்கத்தில் இருக்கு. கொஞ்சம் திருப்பி வச்சுப் பாருங்க, குறையிற கோணத்தில் போல்ட் அடிங்க.