புதுப்பிப்பு: வீட்ல கரி போட்ட கதை, இந்தத் தடவ தேறிடுச்சு

மூணு மாசம் முன்னாடி 200 லிட்டர் டிரம்ல கரி போடுறேன்னு எறங்கி, மறுநாள் தொறந்தா பாதி சாம்பல், மீதி வேகாத கட்டைன்னு பொலம்பியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி.

தப்பு ரெண்டு. விறகு ஈரம், மூடி இடுக்குல காத்து. இப்ப சீமைக்கருவேலத்த மணிக்கட்டு தண்டிக்கு வெட்டி ரெண்டு மாசம் காயப்போட்டேன், டிரம் அடியில காத்துக்கு மூணு ஓட்டை மட்டும். எங்க ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டம் (விறக அடுக்கி மண்ணால மூடிக் கரியாக்குறது) போடுற பெரியவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், "தம்பி, நெருப்பப் பாக்காத, பொகையப் பாரு"ன்னாரு. அதான் விஷயமே. மொதல்ல வெள்ளப் பொக, அது ஈரம் போறது, அப்புறம் மஞ்சளா கண்ண எரிக்கும் (பக்கத்து வீட்டு மதினி துணிய எடுத்துட்டு என்னையும் நாலு வார்த்த கேட்டுச்சு), கடைசியில லேசா நீலமா கண்ணாடி மாதிரி ஆவும், அப்ப மண்ணக் கொழச்சு ஓட்டை, மூடி எல்லாத்தையும் பூசிறணும். எனக்கு நாலு மணி நேரம் ஆச்சு.

போன தடவ மாதிரி அவசரப்படாம ஒரு ராத்திரி ஒரு பகல் விட்டுட்டேன். 40 கிலோ விறகுக்கு 9 கிலோ கரி. ரெண்டு துண்ட தட்டுனா கிணிங்னு சத்தம், ஒடச்ச எடம் பளபளன்னு இருக்கு. எடுத்த ஒடனே சாக்குல கட்டி வீட்டுக்குள்ள வைக்காதீங்க, உள்ள கங்கு இருந்தா திரும்பப் பிடிச்சுக்கும்.

ஞாயித்துக்கெழம கோழி சுட்டோம். பொகையே இல்ல, ஒரு தடவ போட்ட கரியே கடைசி வரைக்கும் நின்னுச்சு.