அலஸ்தோட்டத்தில வாங்கின பின்காணி: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

காணி தேடுற ஆக்கள் வாசிக்கட்டும் எண்டு எழுதுறன். நாங்கள் திருகோணமலையில அலஸ்தோட்டத்தில 15 பேர்ச் பின்காணி வாங்கினம். தெருவோரம் வேற ஆக்களின்ர வளவு. அதுக்குப் பக்கத்தால 10 அடி அகலம், 80 அடி நீளத்தில ஒரு துண்டு உள்ளுக்குப் போகுது. அது முடியிற இடத்தில எங்கட காணி விரியுது. முன்காணியை விட விலை குறைவு, வாகனச் சத்தம் இல்லை, பிள்ளைகள் பயமில்லாமல் ஓடி விளையாடுதுகள். அந்த அமைதிக்காக இண்டைக்கும் எனக்கு இந்தக் காணி பிடிக்கும்.

ஆனால் ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 800 சதுர அடி வழித்துண்டே கிட்டத்தட்ட 3 பேர்ச்! உறுதியில 15, வீடு கட்டக் கிடைச்சது 12. தரகர் சொல்லேல்லை, நானும் பிளானை விரிச்சுக் கணக்குப் பாக்கேல்லை. மணல் ஏத்தி வந்த லொறி உள்ளுக்குத் திரும்பேலாமல் தெருவிலயே கொட்டிப்போட்டுப் போட்டுது. மனுசியும் மச்சானும் நானும் ரெண்டு நாள் தள்ளுவண்டியில இழுத்தம்.

---

அண்ணை, உங்கட வழி உங்களுக்கே சொந்தம், அது பெரிய விசயம். இஞ்ச திருகோணமலைப் பாலையூற்றில எங்கட காணிக்கு உறுதியில வழிவாய்க்கால் உரிமை மட்டும்தான், அதாவது மற்றவையின்ர நிலத்தால போய்வாற உரிமை. நிலம் முன்வளவுக்காரருக்கு. அவர் வேலி அடைக்கேக்க ஒன்றரை அடி இங்கால தள்ளிப்போட்டார். உறுதியில வழியின்ர அகலம் எழுதியிருக்கேல்லை, என்னத்தைக் காட்டிக் கேக்கிறது? சேவையரைக் கூப்பிட்டு, பழைய எல்லைக்கல்லைத் தேடியெடுத்து, அப்பா அவரோட பேசித் தீர்க்க எட்டு மாசம் போட்டுது. எழுதேக்கயே அகலத்தை அடிக்கணக்கில போடச் சொல்லி நொத்தாரிசிட்டக் கேளுங்கோ.

---

எங்கட மூலைக்காணி. ரெண்டு பக்கமும் தெரு, நல்ல காத்து. அம்மாவுக்குப் பின்பக்கத்தில தனி வாசல் வைக்கலாம் எண்டுதான் வாங்கினது. பிளான் போட வெளிக்கிடேக்கதான் தெரிஞ்சுது, வீதிக்கோட்டுக்காக, அதாவது தெருப்பக்கம் கட்டிடம் தாண்டக்கூடாத கோட்டுக்காக, ரெண்டு பக்கமும் விட்டுத்தான் கட்டவேணும். மதிலும் ரெண்டு தெருவுக்கும் கட்டவேணும். காசு குடுக்க முதல் சபையில வீதிக்கோட்டை விசாரியுங்கோ.

---

என்ர அக்கா வீடு தெருக்குத்து, தெரு நேரா வந்து வாசலில முட்டும். சாத்திரத்தை விடுங்கோ, இரவில வாற வாகனத்தின்ர லைற் நேரா அறைக்குள்ள அடிக்குது. மாரியில தெருத்தண்ணி முழுக்க கேற்றடியில. கார்த்திகை, மார்கழி மழைக்குள்ள ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாங்குங்கோ.

---

நிலாவெளிப் பக்கம் கடற்கரைக் காணி பாக்கிற ஆக்களுக்கு ஒண்டு. கடலின்ர சராசரி உயர்நீர் மட்டக்கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதுக்குள்ள கட்டிடம் கட்ட தனி அனுமதி வேணும். உறுதி சுத்தமா இருந்தாலும் அதை எடுக்கத்தான் வேணும்.

---

அலஸ்தோட்டக் காணிக்காரன்தான் திரும்பவும் எழுதுறன். பாலையூற்றுத் தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டு எங்கட பிளானைத் திருப்பி எடுத்துப் பாத்தன். வழித்துண்டு எங்கட லொட்டுக்குள்ளதான் கீறியிருக்கு. நாலு எல்லைக்கல்லில ஒண்டு மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கு, இந்தக் கிழமையே தோண்டி நிமித்திவிடுறன்.