ஜாவாவுக்குள் ஸ்கீம்: ‘அன்பவுண்ட் வேரியபிள்’ (மதிப்பு வைக்கப்படாத பெயர்) உங்களை எங்கே பிடித்தது?

முதுநகர்க்காரன்:
ஏப்ரல் 15, விடியற்காலை 4 மணி. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கடையின் பில்லிங். அப்ளிகேஷன் ஜாவா, விலைக்கணக்கு மட்டும் ஸ்கீம் மொழி ஸ்கிரிப்ட், ஜாவாவுக்குள் ஸ்கீமை ஓட்டும் காவாவில் ஓடுகிறது. விலை மாறினால் ஜாவாவைத் தொட வேண்டாமே என்று நான்தான் அப்படி வைத்தேன். ஜனவரியில் கொடுத்தது, அதுவரை ஒரு புகார் இல்லை. அன்றைக்குத்தான் 61 நாள் மீன்பிடித் தடை தொடங்கியது. விசைப்படகு போகாது, ஃபைபர் படகு போகும், அதற்குத் தனி விலை. அந்த ‘இஃப்’ கிளைக்குள் ஸ்கிரிப்ட் நுழைந்தது அன்றுதான் முதல் முறை. அதில் ‘சலுகை-விலை’ என்று எழுதியிருந்தேன். ஜாவாவில் டிஃபைன் செய்து (மதிப்பு வைத்து) அனுப்பிய பெயர் ‘சலுகைவிலை’. நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

போன் வந்ததும் ஓடினேன். திரையில் ‘அன்பவுண்ட் லொகேஷன்’ என்று ஒரே வரி, அன்பவுண்ட் வேரியபிளைக் காவா சொல்லும் விதம். எதிரே ஒரு பெரியவர், தோளில் ஐஸ் கூடை. தலைத்துண்டு நனைந்து தண்ணீர் முதுகில் இறங்குகிறது. “காத்து மாறிடும் தம்பி, கொஞ்சம் சீக்கிரம்” என்றார். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஸ்கிரிப்ட் லோடு ஆகிவிட்டால் பெயர்களெல்லாம் சரி என்று நம்பியிருந்தேன். ஓடாத கிளையில் இருக்கும் பெயரை ஸ்கீம் தேடவே தேடாது.

லாஸ்பேட்டை லாம்டா:
எனக்கு த்ரெட்டில், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைச்சரத்தில். புதுச்சேரியில் ஒரு டியூஷன் சென்டரின் கட்டணக் கணக்கு. மெயின் த்ரெட்டில் டிஃபைன் செய்த பெயர், ரிக்வெஸ்ட்டை எடுத்துச் செய்யும் த்ரெட்டில் இல்லை. என் மேசையில் ஓடும், அங்கே போனால் ஓடாது. காவாவில் நடப்புச் சூழல் (என்விரான்மென்ட், பெயர்களும் மதிப்புகளும் இருக்கும் இடம்) த்ரெட்டோடு போகிற விஷயம் என்று புரிய 2 நாள் ஆனது. ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் அந்த என்விரான்மென்ட்டை செட் செய்த பிறகுதான் அடங்கியது. அண்ணே, உங்களுக்கு இவ்வளவு கூட வேண்டாம். ஓடும்போது வரும் பிழையை, எக்ஸெப்ஷனை, பிடித்து 0 கொடுத்துவிடுங்கள், கவுன்ட்டர் நிற்காது.

பாதிரிப்புலியூர் பழையவன்:
லாஸ்பேட்டை தம்பி, அந்த 0 மட்டும் வேண்டாம். நானும் அப்படித்தான் வைத்தேன். நகைக்கடன் வட்டிக் கணக்கு. ‘தாமத-வட்டி’க்கு மதிப்பே வராமல் 0 ஆகிவிட்டது. 2 மாதம் யாருக்கும் தெரியவில்லை. கணக்குப்பிள்ளை கைப்பேரேட்டோடு ஒத்துப்பார்த்து, சிவப்பு மையில் சுழித்துக் கொண்டுவந்து வைத்தார். நின்றுபோன கவுன்ட்டரை அரை மணி நேரத்தில் ஓட்டலாம். கைமாறிப் போன ரசீதைத் திரும்ப வாங்க முடியுமா?

முதுநகர் தம்பிக்குச் சில விஷயம். ஜாவா தரும் பெயர்களையெல்லாம் ஒரே இடத்தில் வையுங்கள். அதே பட்டியலிலிருந்து டம்மி டிஃபைன்கள் செய்து ஸ்கிரிப்ட்டின் தலையில் ஒட்டி, காவாவில் கம்பைல் செய்து பாருங்கள். டிக்ளரேஷன் காணோம் என்று அது எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையையே பிழையாக எடுத்துக்கொள்ளும் ஆப்ஷனும் உண்டு. கிளை ஓட வேண்டிய அவசியமே இல்லை, பெயர் இல்லாதது முன்பே தெரிந்துவிடும். அப்புறம், ஜாவாவிலிருந்து ‘நல்’ (ஒன்றுமில்லை என்னும் மதிப்பு) அனுப்பினால் அது அன்பவுண்ட் ஆகாது. பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டையும் பிழை பிடிக்கும் ஒரே கேட்சில் போட்டுக் குழப்பாதீர்கள். பழைய ஸ்கிரிப்ட் கைக்கு வந்தால் ஆங்கில எழுத்தின் சிறிசு பெரிசையும் பாருங்கள். ஸ்கீமின் பழைய தர வரையறையான ஆர்5ஆர்எஸ் காலத்தில் இரண்டும் ஒன்று, 2007இல் வந்த ஆர்6ஆர்எஸ்ஸில் வேறு வேறு. பிழை வந்தால் பெயரும் வரி எண்ணும் லாகுக்குப் போகட்டும். கவுன்ட்டரில் இருப்பவருக்கு “ஃபைபர் படகு விலை பதிவாகவில்லை, கையால் பில் போடவும்” என்று தமிழில் வரட்டும். பெரியவர் கூடையோடு நிற்க வேண்டியிருந்திருக்காது.

வில்லியனூர் வாணி:
தமிழில் பெயர் வைப்பவர்கள் இதையும் கேளுங்கள். ‘மொத்தம்’ அன்பவுண்ட் என்று வந்தது. 3 வரி மேலே ‘மொத்தம்’ டிஃபைன் ஆகியிருக்கிறது. பிரின்ட் எடுத்து ஸ்கேல் வைத்துக்கூடப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். கடைசியில் நீளத்தை எண்ண வைத்தேன். ஒன்று 7, இன்னொன்று 8. அப்போது உடம்பு சில்லிட்டது நினைவிருக்கிறது.

விலைப்பகுதியை டைப் செய்த அக்கா பழைய தட்டச்சு முறைக்காரர். அவர் பக்கம் ‘மொ’வில் கொம்பு தனி, கால் தனி. என் பக்கம் இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடு. கண்ணுக்கு ஒன்று, யூனிகோடுக்கு இரண்டு. ஜாவாவிலேயே நார்மலைசர் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டை ஏற்றும் முன்னாலும், பெயரை டிஃபைன் செய்யும் முன்னாலும் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்த வடிவம்) ஆக்கிவிடுகிறேன். அதற்குப் பிறகு வரவில்லை. இதை 0 கொடுத்து மூடியிருந்தால் நான் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன், லாம்டா.

லாஸ்பேட்டை லாம்டா:
சரிங்க. ஆனால் எல்லா இடத்திலும் நின்றுபோவதும் சரியில்லை. தலைப்பில் கடைப்பெயர் வராததற்குப் பில்லையே நிறுத்துவீர்களா? பணத்தைத் தொடும் பெயர் என்றால் நிற்கட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

முதுநகர்க்காரன்:
பழையவன் அண்ணன் சொன்னபடி டம்மி டிஃபைன் ஒட்டி இப்போதுதான் கம்பைல் செய்து பார்த்தேன். சலுகை விலை சரியாக இருக்கிறது. இன்னொரு பெயருக்கு எச்சரிக்கை வந்தது: ‘புயல்-கூலி’. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் மட்டும் ஓடுகிற கிளை.