நான்கு வயது மகளின் பொறுப்பைத் தந்தை கேட்டால் நீதிமன்றம் தருமா?

கேள்வி – கோவையிலிருந்து ஒரு தந்தை

வணக்கம். எனக்கும் மனைவிக்கும் மனக்கசப்பு முற்றி, அவர் எங்கள் நான்கு வயது மகளுடன் திருநெல்வேலியில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்றுவிட்டார். அவர் இரவுப் பணிக்குச் சென்ற காலமெல்லாம் மகளுக்குச் சோறூட்டி உறங்கவைத்தவன் நான். இன்று தொலைபேசியில்கூட அவள் குரலைக் கேட்க முடியவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில், தந்தையையே முதல் இயற்கைக் காப்பாளர், அதாவது குழந்தைக்கும் அதன் சொத்துக்கும் சட்டப்படி பொறுப்பானவர், என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. அப்படியானால் ஐந்து வயது நிறைந்த பிறகு மனுச் செய்வதுதான் முறையா? மாதந்தோறும் அனுப்பும் பணத்தை நிறுத்தினால் அவர்கள் தாமாகப் பேச்சுக்கு வருவார்கள் என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி – வழக்கறிஞர், மதுரை

ஐயா, பணத்தை நிறுத்தாதீர்கள். ஐந்து வயதுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குழந்தை ஓரிடத்தில் வேரூன்றிப் பள்ளியும் தோழமையும் அங்கேயே அமைந்துவிட்டால், அதைக் கலைக்க எந்த நீதிபதியும் தயங்குவார். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் தங்களுக்கு எதிராகவே நிற்கும்.

இயற்கைக் காப்பாளர் என்ற நிலையும், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வியும் வேறு வேறு. அந்த நிலையிலும் தந்தைக்குத் தனி முதன்மை இல்லை என்பதைக் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கிலும், 1973லேயே, பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொறுத்தவரை, தாய் தகுதியற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை தந்தை மீதே விழும் என்பது ரொக்சான் சர்மா வழக்கின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகவே தங்கள் மகளின் முழுப் பொறுப்பு இப்போது தங்களுக்குக் கிடைப்பது கடினம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் குழந்தையைத் தொடர்ந்து சந்திக்கும் உரிமையை மறுப்பது அவ்வளவு எளிதன்று. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனுச் செய்ய வேண்டும்; எனவே திருநெல்வேலிக் குடும்பநல நீதிமன்றத்தை அணுகுங்கள். முதன்மை மனுவோடு, வழக்கு முடியும்வரை குழந்தையைச் சந்திக்க வழிகோரி 12ஆம் பிரிவின்கீழ் ஓர் இடைக்கால மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். தாங்கள் குழந்தையை வளர்த்ததைக் காட்டும் தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டு, பள்ளிக் கட்டண ரசீது ஆகியவை நூறு வாதங்களைவிட வலுவானவை.

மறுமொழி – இதே வழியில் நடந்த ஒரு தந்தை, சேலம்

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "குழந்தையைப் பார்க்க அனுமதி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால், நீதிமன்ற வளாகத்து அறையில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாதத்தில் சில மணி நேரம் என்று உத்தரவு வந்து நின்றுவிடக்கூடும். அந்த அறையில் ஒரு குழந்தை தந்தையோடு இயல்பாகச் சிரிக்காது. அதைக் கண்டு வெளியே வந்த வேதனையை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். ஆகவே எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பொங்கலும் தீபாவளியும் யாரிடம் என்று மனுவிலேயே விரிவாக எழுதுங்கள். நாள்தோறும் காணொலி அழைப்பும் கேளுங்கள். யஷிதா சாஹு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றமே அத்தகைய தொடர்பை வலியுறுத்தியிருக்கிறது.

மறுமொழி – ஒரு தாய், தஞ்சாவூர்

சகோதரருக்கு, மறுபக்கத்தில் நின்றவளாக எழுதுகிறேன். மனைவியின் நடத்தையைப் பழித்து மனுவில் ஒரு வரியும் எழுதாதீர்கள். என் கணவர் தரப்பு அப்படி எழுதிய நாளிலிருந்து, ஞாயிறுதோறும் மகனை அனுப்பி வைக்கலாம் என்றிருந்த என் மனம் மூடிக்கொண்டது. அதற்கு விலை கொடுத்தவன் என் மகன்தான். நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு நெடுநாள் காணாத தந்தை சற்று அந்நியராகவே தெரிவார். முதலில் பகல் பொழுது, பழகிய பின் இரவுத் தங்கல் என்று படிப்படியாகக் கேட்டால் தாயின் அச்சமும் குறையும். சமரச மையத்துக்கு அனுப்பினால், தட்டிக்கழிக்காமல் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பணத்தைத் தொடர்ந்து அனுப்புகிறேன். உத்தரவு கிடைத்த பிறகும் குழந்தையை அழைத்து வராவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி – வழக்கறிஞர், மதுரை

அதே நீதிமன்றத்தில் உத்தரவை நிறைவேற்றக் கோரி மனுச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் தாங்கள் குறித்த நேரத்தில் சென்றதற்குப் பயணச்சீட்டும் குறுஞ்செய்தியும் சான்றாக இருக்கட்டும். கோபத்தில் குழந்தையைத் தூக்கி வந்துவிட்டால் வழக்கு அன்றே தலைகீழாகும். பொறுப்பு குறித்த உத்தரவு எதுவும் இறுதியானதன்று, குழந்தையின் சூழல் மாறும்போது அதையும் மாற்றக் கோரலாம். பெற்றோர் இருவரும் இணைந்து வளர்க்கும் முறையைச் சட்டத்தில் சேர்க்குமாறு சட்ட ஆணையம் 2015இல், தனது 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது சட்டமாகியிருந்தால் தங்களைப் போன்றோர் இவ்வளவு அலைய வேண்டியிருக்காது என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு, இருவரும் உடன்பட்டு அப்படியொரு ஏற்பாட்டை எழுதிக் கொடுத்தால், குழந்தையின் நலனுக்கு ஏற்றது என்று கருதும் நீதிமன்றம் அதையே உத்தரவாக்க இயலும்.