கலைச்சொல்: ஈரானின் 'எஸ்தெஸ்வாபி' மேற்பார்வைக்குத் தமிழில் என்ன?

வணக்கம். ஈரானில் தேர்தலில் யார் நிற்கலாம் என்பதிலிருந்து முடிவு வரை, மேற்பார்வையிடும் சபை சரி என்றால்தான் செல்லும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் 'எஸ்தெஸ்வாபி' மேற்பார்வை. அதற்கு வந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'வேட்புமனு பரிசீலனை' சரிவராது. நம் ஊரில் கையெழுத்து, டெபாசிட், வயது எல்லாம் சரியா என்று பார்ப்பார்கள். ஈரானில் ஆளே சரியா என்று பார்க்கிறார்கள். 2009 அதிபர் தேர்தலில் 475 பேர் மனுப் போட்டு, தேறியவர்கள் 4 பேர்.

'வடிகட்டல்' பாதி தூரம்தான் வருகிறது. தேர்தலை மேற்பார்வையிடும் பாதுகாவலர் சபையில் 12 பேர். அதில் 6 மார்க்க அறிஞர்களை உச்சத் தலைவரே நியமிக்கிறார். அந்தச் சபை 1991-இல் அரசியலமைப்பின் 99-ஆம் பிரிவுக்குத் தந்த விளக்கப்படி, இந்த அதிகாரம் தேர்தலின் எல்லாக் கட்டத்துக்கும் உண்டு. 2009 ஜூன் 12 வாக்குப்பதிவில் மோசடி என்று தோற்ற வேட்பாளர் மூசவி சொன்னார், தெஹ்ரான் தெருக்கள் நிரம்பின. புகாரை விசாரித்தது யார்? அதே சபை. 50 நகரங்களில் வாக்காளர் எண்ணிக்கையைவிட வாக்குகள் அதிகம் என்று ஒத்துக்கொண்டது. 10 சதவீத வாக்குகளை மட்டும் மறுபடி எண்ணி, 29-ஆம் தேதி அப்போதைய அதிபர் அகமதிநெஜாதின் வெற்றியை உறுதிசெய்தது. சோறு வடிந்த பிறகும் பானையை விடாதவரை வடிகட்டுகிறவர் என்றா சொல்வோம்?

'ஒப்புதல் மேற்பார்வை' முன்பு நானே சொன்னது, திரும்பப் பெறுகிறேன். அந்த 2009 ஆகஸ்டில், தேர்தல் கலவரத்தை ஒட்டிக் கைதான முன்னாள் துணை அதிபர் அப்தஹியைத் தலைப்பாகை இல்லாமல் சிறை உடையில் நீதிமன்றத்தில் உட்காரவைத்து வாங்கியதும் 'ஒப்புதல் வாக்குமூலம்'தான். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம்.

(ஸவாப் என்றால் புண்ணியமாயிற்றே என்று கேட்டவருக்கு: நம் முஸ்லிம் வீடுகளில் சொல்லும் ஸவாப் அரபியில் வேறு எழுத்து. எஸ்தெஸ்வாபிக்குள் இருப்பது 'சரியானது' என்ற பொருளில் வரும் ஸவாப்.)

ஆகவே 'ஏற்புரிமை மேற்பார்வை'. நிராகரிப்பு அதில் எங்கே என்கிறீர்கள். ஏற்கும் உரிமை உள்ளவர் ஏற்காமலும் இருப்பார். மூலச்சொல்லும் அதை வெளியே சொல்வதில்லை. வெறுமனே தகவல் அறிந்துகொள்ளும் 'எஸ்தெத்லாயி'க்கு 'அறிதல் மேற்பார்வை' என்று இணை போடலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 2009-இல் தன் நெருங்கிய கூட்டாளி மஷாயியை முதல் துணை அதிபராக்கிய அகமதிநெஜாத், வேண்டாம் என்று உச்சத் தலைவர் காமெனி கடிதம் எழுதியும் ஒரு வாரம்போல இழுத்தடித்தார். 2011-இல் உளவுத்துறை அமைச்சரை நீக்கப்போய், காமெனி அவரைத் திரும்ப உட்காரவைக்க, 11 நாள் அலுவலகம் வராமல் கோபித்துக்கொண்டார். அப்புறம் இருவருமே அதிபர் தேர்தலில் நிற்கப்போனார்கள், சபை ஏற்கவில்லை: "2013-இல் மஷாயி சபையின் ஏற்புரிமையில் அடிபட்டார், 2017-இல் அகமதிநெஜாதே அடிபட்டார்." உட்காருகிறதா இல்லையா?

சபைக்குக் 'காவலர் மன்றம்' என்று சிலர் எழுதுவதைப் பற்றித் தனி மடல் போடுகிறேன். படிக்கிறவர் போலீஸ் ஸ்டேஷன் என்று நினைத்துவிடப் போகிறார்.