அலுவலகக் குழுவுக்கான ரீசேர்ட்: துணியும் அச்சும் பற்றி ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள எமது அலுவலகக் குழுவினர் 35 பேருக்கு ஒரே மாதிரியான கொலர் வைத்த ரீசேர்ட் செய்விக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. காலிமுகத் திடலில் நடக்கவிருக்கும் நடைபவனிக்கு அணிந்த பின்னர், வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கும் அணியக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது மேலாளரின் விருப்பம்.

நிறம் கடும் நீலம் என முடிவாகிவிட்டது. அதைப் பற்றி மீண்டும் விவாதிக்க எவருக்கும் தெம்பில்லை. வெப்பத்தால் சாயத்தைத் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் முறை வெளிர் நிறப் பொலியெஸ்டருக்கே பொருந்தும் என்பதால் அதை விலக்கிவிட்டேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வலைச் சட்டம் தேவைப்படுவதால், மூன்று நிறங்கள் கொண்ட எமது இலச்சினையை இந்தச் சிறிய எண்ணிக்கைக்கு அச்சிடுவது கட்டுப்படியாகாது. ஆகவே நெஞ்சுப் பக்கத்தில் இலச்சினையை எம்பிராய்டரியாகவும், முதுகில் குழுவின் பெயரை வெள்ளை நிறத்தில் மட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்காகவும் செய்ய எண்ணியுள்ளேன்.

பெயர் மும்மொழியிலும் வர வேண்டும். அச்சகம் அனுப்பிய மாதிரியில், ‘கொழும்பு’ என்பதன் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்டுக் கொடுப்பதா, யூனிகோடில் அமைத்து எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் வடிவக் கோடுகளாக) மாற்றிப் பிடிஎஃப் கோப்பாகக் கொடுப்பதா பாதுகாப்பானது?

எமது புழுக்கத்துக்கு 220 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 220 கிராம்) பருத்தித் துணி கனமாகிவிடுமா என்பதையும், புறக்கோட்டை, மருதானைப் பக்கத்தில் முதலில் ஒரு மாதிரியைத் தைத்துக் காட்டக்கூடியவர்கள் எவரேனும் உள்ளனரா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். பெண்களுக்கான அளவுகளைத் தனியாக வெட்டித் தருபவர்களாயின் மிக நன்று.