மொட்டை மாடியில் எந்தப் படம்?

குழு: திருப்பாதிரிப்புலியூர் வீடு
சனிக்கிழமை, இரவு 8:10

அண்ணன்: அடுத்த சனிக்கிழமை நெய்வேலியிலிருந்து வருகிறோம். நண்பரிடம் புரொஜெக்டர் கேட்டிருக்கிறேன், கொடுத்துவிடுவார். மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு ஒரு சூப்பர்ஹீரோ படம் போடலாம். மொத்தம் ஆறு பேர், ஐந்து வயதிலிருந்து பதினான்கு வரை. எந்தப் படம் என்று எல்லோரும் சொல்லுங்கள்.

மாமா: டார்க் நைட். பேட்மேன் படம், 2008. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

அத்தை: ஐந்து வயசுப் பிள்ளைக்கா? அந்த வில்லன் ஜோக்கர் பென்சிலை வைத்துச் செய்கிற வேலையைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நானே சரியாகத் தூங்கவில்லை.

மாமா: சரி, பிள்ளைகளுக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் ஜோக்கரைப் பற்றியே பேசுகிறார்கள், ஹீத் லெட்ஜர் நடிப்பு அப்படிப்பட்டதுதான், படம் வருவதற்கு முன்பே இறந்துபோனார், அதற்குப் பிறகு ஆஸ்கர் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் படம் என்றால் இரண்டு கப்பல்கள்தான். இரண்டிலும் வெடிகுண்டு, ஒரு கப்பலை வெடிக்க வைக்கும் ரிமோட் அடுத்த கப்பலில் இருப்பவர்கள் கையில். ஒன்றில் கைதிகள், இன்னொன்றில் சாதாரண ஜனங்கள். யாரும் அழுத்தவில்லை. பேட்மேன் அங்கே இல்லவே இல்லை, ஜனங்களே ஜனங்களைக் காப்பாற்றுகிறார்கள். ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் இதைவிடப் பெரிய காட்சியை நான் பார்த்ததில்லை.

சித்தப்பா: பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படம் போடுங்கப்பா. எந்திரன் போடலாமே. ரஜினி, ரோபோ, எல்லாம் இருக்கிறது.

நான்: சித்தப்பா, எந்திரன் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தத் தீ விபத்துக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? எரிகிற கட்டடத்துக்குள் போய், சிட்டி என்கிற அந்த ரோபோ ஒவ்வொருவராகத் தூக்கிவருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே அத்தனை பேர் முன்னால் தூக்கிவந்து நிறுத்திவிடுகிறது. அந்தப் பெண் அவமானத்தில் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். 2010-இல் வந்த படம், இன்றைக்கு வரை என் மனசை விட்டுப் போகாத காட்சி. உயிரைக் காப்பாற்றிவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிட்டதாக ஆகாது என்று அவ்வளவு பெரிய கமர்ஷியல் படத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்றுதான் தயங்குகிறேன்.

சித்தப்பா: அதுவும் சரிதான். கடைசி அரை மணி நேரம் ரோபோக்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் மாறுவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

அண்ணன்: 2018-இல் வந்த 2.0-இல் அதுவே முழுப் படமாக ஆகிவிட்டது. பறவைகளுக்காக வருத்தப்படுகிற பெரியவராக அக்‌ஷய் குமார் வரும் பகுதி மட்டும் தனியாக நிற்கும்.

அத்தை: முகமூடி?

அண்ணன்: அத்தை, அது 2012. மிஷ்கின் குங்ஃபூவை எவ்வளவு மரியாதையாக எடுத்தார் என்பதற்காகவே முதல் பாதியைப் பார்க்கலாம். முகமூடி போட்ட பிறகுதான் கதை தடுமாறுகிறது. அவன் யாருக்காக அதைப் போடுகிறான் என்பது நமக்குள் இறங்கவே இல்லை.

பெரியப்பா: எல்லோரும் 2000-க்குப் பிறகே பேசுகிறீர்கள். 1963-இல் கலை அரசி என்று ஒரு படம் வந்தது, எம்.ஜி.ஆர்., பானுமதி. வேற்றுக்கிரகத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் இருக்கிறது, இசை மட்டும் இல்லை. அதற்காகப் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிப்போகிறார்கள். மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு ஆறு வருஷம் முன்னால்! செட்டைப் பார்த்தால் இன்றைக்கு அட்டை என்று தெரியும். ஆனால் யோசனையைப் பாருங்கள். இப்போது வருகிற வேற்றுக்கிரகவாசிகள் எல்லோரும் நம் பூமியை உடைக்கத்தான் வருகிறார்கள். பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

மாமா: மச்சான், இது எனக்குத் தெரியாது. அவசியம் பார்க்கிறேன்.

பெரியப்பா: பாருங்கள் மாப்பிள்ளை. மாயா பஜாரும் அப்படித்தான். 1957. ரங்காராவுடைய கடோத்கஜன் நினைத்தால் ஒரு படையையே தூக்கி எறியலாம். அவன் என்ன செய்கிறான்? ஒரு கல்யாணம் நல்லபடியாக நடக்க மாயம் செய்கிறான், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பலம் இருப்பவன் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதை அப்புறம் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

நான்: ஆறு பிள்ளைகளில் நாலு பேர் பெண் பிள்ளைகள், அதையும் யோசியுங்கள். 2017-இல் வந்த வொண்டர் வுமன் போடலாம். முதல் உலகப்போர், பதுங்குகுழி, எதிர்ப்பக்கம் துப்பாக்கி. தாண்டிப் போக முடியாது, நாம் வந்த வேலை வேறு என்று கூட இருப்பவன் சொல்கிறான். அந்தப் பக்கம் ஒரு கிராமம் பட்டினியில் கிடக்கிறது என்று குழந்தையோடு ஒரு பெண் வந்து சொன்னதுமே இவள் ஏணியில் ஏறிவிடுகிறாள். அந்தக் காட்சியில் தியேட்டரில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசிச் சண்டை அவ்வளவு நன்றாக இல்லை. இருட்டு, தீ, இரும்பு, யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஒரு கிராமத்துக்காக ஏணி ஏறினவளைக் கொண்டுபோய் யாருமில்லாத மைதானத்தில் நிறுத்திச் சண்டை போட வைத்துவிட்டார்கள்.

அண்ணன்: அதேதான் 2013-இல் வந்த மேன் ஆஃப் ஸ்டீலிலும். கடைசியில் சூப்பர்மேனும் வில்லன் ஜாடும் நகரம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள், கட்டடம் கட்டடமாகச் சரிகிறது. கீழே இருப்பவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அத்தை: நான் அந்தப் படத்தை டிவியில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். காரணம் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த விடிகாலை நான் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில்தான் இருந்தேன், உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். காற்று நின்றதும் கதவைத் திறந்தால் தெருவே இல்லை, மரமும் கம்பமும் கம்பியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துவிட்டதென்று கேள்விப்பட்டு அண்ணா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தவளுக்கு ஒரு நகரம் சரிவது வேடிக்கைக் காட்சியாக இருக்க முடியாது. அதற்குப் பிறகு என்ன நடந்தது, யார் வந்து தூக்கி நிறுத்தினார்கள் என்று காட்ட வேண்டாமா? நமக்கு வெளி மாவட்டங்களிலிருந்து லைன்மேன்கள் வந்தார்கள். தெருவில் கம்பம் நட்டார்கள். அண்ணி அடுப்பில் விறகு வைத்து அவர்களுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். என்னைக் கேட்டால் அன்றைக்குப் பறந்துவந்தவர்கள் அவர்கள்தான்.

சித்தப்பா: ஆமாம். ஒரு லைன்மேன் தம்பி கம்பத்தின் மேலிருந்தே அண்ணியிடம் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான்.

அண்ணன்: அத்தை, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எல்லாப் படத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். 2015-இல் வந்த ஏஜ் ஆஃப் அல்ட்ரானில் ஊர் அப்படியே மேலே எழும்பும்போது அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கூட்டம் ஊர் ஜனங்களை ஏற்றி அனுப்புவதற்கே நிறைய நேரம் கொடுத்திருப்பார்கள். அதற்கு அடுத்த வருஷம் சிவில் வாரில், அந்த ஊரில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, அயர்ன் மேனாக இருக்கும் டோனி ஸ்டார்க்கிடம் வந்து நேருக்கு நேர் கேட்கிறாள். அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் படத்துக்கு எடை வந்துவிடுகிறது.

மாமா: தமிழில் மாவீரன் அப்படித்தான். 2023. அந்த ஹீரோவுக்குப் பறக்கவும் தெரியாது, பயந்தவன், படம் வரைகிறவன், ஒரு குரல் மட்டும் கேட்கிறது. அவனுக்கு எதிரி என்று பார்த்தால் மட்டமாகக் கட்டின அடுக்குமாடிதான். சுவரில் விரிசல், கையோடு பெயர்ந்துவரும் கதவு, கடைசியில் அத்தனை குடும்பத்தையும் வெளியே கொண்டுவர வேண்டும். அதில் எத்தனை பேரை அடித்தான் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இதைப் போடலாமா?

நான்: எனக்குச் சம்மதம். மின்னல் முரளியையும் சொல்லிவிடுகிறேன். 2021, மலையாளம், ஒரு தையல்காரனுக்கு மின்னல் அடித்து சக்தி வருகிறது. அதே மின்னல் டீக்கடையில் வேலை செய்கிற ஷிபுவுக்கும் அடிக்கிறது. ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்தவர். ஊர் அவனை ஒரு மனுஷனாகவே நடத்தவில்லை. ஒரு பெண்ணுக்காக அத்தனை வருஷம் காத்திருந்து, அவள் சரி என்று சொன்னதும் அந்த முகத்தில் வருகிற அழுகையும் சிரிப்பும்! வில்லனுக்காக நான் அழுத சூப்பர்ஹீரோ படம் அது ஒன்றுதான். தையல்காரனை விட எனக்கு ஷிபுதான் நிற்கிறான், அதைப் படத்தின் குறையாகவும் சொல்லலாம்.

அத்தை: 2004-இல் வந்த ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகமும் நல்ல படம். ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறவனை ஜனங்கள் கைமேல் கை மாற்றிக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்துவிட்டு, சின்னப் பையன்டா இவன் என்று ஆச்சரியப்படுவார்கள். காப்பாற்றினவனைத் திருப்பிக் காப்பாற்றுவார்கள்.

இரவு 9:25

பெரியப்பா: நான் சொல்ல வந்தது 1978-இல் வந்த சூப்பர்மேன். நம் ஊருக்கு வர அதற்கப்புறம் சில வருஷம் ஆயிற்று, காலைக் காட்சி போட்டார்கள். கம்பியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்தார்கள் என்பதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது, அன்றைக்கு அவன் பறந்தான், அவ்வளவுதான். அந்த கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றி முதுகை நிமிர்த்தினால் வேறு ஆள், மறுபடி கூனிக்கொண்டால் கிளார்க், சூப்பர்மேன் சாதாரண மனுஷனாக நடமாடும்போது வைத்துக்கொள்கிற பெயர் அது. வேறு வித்தை எதுவும் கிடையாது. அதை ஒரே ஷாட்டில் பார்த்தபோது தியேட்டரில் கைதட்டினார்கள்.

அண்ணன்: அப்பா, அந்தப் படம் எல்லாம் சரி. ஆனால் கடைசியில் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பி, செத்துப்போன காதலி லோயிஸை உயிரோடு கொண்டுவருவது மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்படி முடியும் என்றால் எந்த ஆபத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறதே. கதை எழுதினவர்கள் வழி தெரியாமல் செய்தது மாதிரிதான் இருக்கிறது.

மாமா: அது உண்மைதான் மச்சான். எனக்கும் அந்த இடம் உதைக்கும்.

பெரியப்பா: நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் உங்கள் அம்மா போன பிறகு, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் செல்போனில் அந்தப் படத்தை மறுபடி போட்டேன். படத்தில் முதலில் வளர்த்த அப்பா மாரடைப்பில் இறந்துபோகிறார். இவ்வளவு சக்தி இருந்தும் என்னால் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அந்தப் பையன் சொல்கிறான். அதை முன்பெல்லாம் நான் கவனித்ததே இல்லை. அப்புறம் கடைசியில் அந்தப் பெண்ணை மண்ணுக்குள் இருந்து தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கத்துக் கத்துகிறான். இரண்டாவது முறையும் இதே நடப்பதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். லாஜிக் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் யாரையாவது இழந்தவன் ஒவ்வொருத்தனும் மனசுக்குள் அந்தப் பூமியைத் திருப்பிப் பார்க்கிறான். நான் திருப்பினேன். அவனுக்குத் திரும்பிற்று.

அத்தை: அண்ணா.

அண்ணன்: அப்பா, இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே.

பெரியப்பா: இன்றைக்குச் சொல்லத் தோன்றியது.

நான்: பெரியப்பா, அந்தப் படத்தையே போடலாம். நானும் முழுசாகப் பார்த்ததில்லை.

மாமா: அதையே போடுவோம். மாவீரன் தீபாவளிக்கு எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில்.

அண்ணன்: ஒரு விஷயம் மட்டும். படம் 143 நிமிஷம். ஆரம்பத்தில் சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகத்தில், அவனைப் பெற்ற அப்பாவாக வரும் மார்லன் பிராண்டோ பேசிக்கொண்டே இருப்பார், சின்னதுகள் தூங்கிவிடும். அதை ஓட்டிவிட்டுப் போடட்டுமா?

பெரியப்பா: வேண்டாம்டா. ஒரு அப்பா அம்மா பிள்ளையை அனுப்பிவைக்கிற இடம் அது. தூங்கினால் தூங்கட்டும், பூனை வரும்போது எழுப்பிக்கொள்ளலாம்.

அண்ணன்: அப்பா, குட்டி என் போனைப் பிடுங்குகிறான். அவனே டைப் செய்கிறான்.

அண்ணன்: தாத்தா நான் 2025 சூப்பர்மேன் பார்த்தேன் அதில் பெரிய மிருகத்தோடு சண்டை நடக்கும்போதே ஒரு அணிலைத் தூக்கிக் காப்பாற்றுவார். பழைய சூப்பர்மேன் யாரைக் காப்பாற்றுவார்

பெரியப்பா: மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையைடா கண்ணு. பறந்துவந்து எடுத்து அந்தச் சின்னப் பெண் கையில் கொடுப்பார். ஒரு ஹெலிகாப்டரையும் ஒரு கையால் பிடிப்பார்.

அண்ணன்: இன்னொரு கையில்

பெரியப்பா: அதை அடுத்த சனிக்கிழமை நீயே பார்.

அத்தை: கொசுவர்த்தியும் நாலு பாயும் நான் கொண்டுவருகிறேன். திரைக்கு என்ன செய்வது?

பெரியப்பா: எட்டு முழ வேட்டி ஒன்று புதுசாக இருக்கிறது. நாளைக்கே துவைத்துக் காயப்போட்டுவிடுகிறேன்.